வெயிலில் உழைப்பவருக்கும் எலும்பு வலியா?
கிட்னி செய்யும் இன்னொரு வேலை

நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறாள் ஒரு பெண். காலையில் நாற்றுப் பறிக்கிறாள். பகலில் நடவு நடுகிறாள். அவள் முதுகில் படாத வெயில் இல்லை.

அவளிடம், "அம்மா, வெயிலால் கிடைக்கும் சத்து உங்கள் உடம்புக்குப் பயன்படவில்லை" என்று சொன்னால் என்ன செய்வாள்? "போங்கய்யா, வேற வேலை இல்லையா!" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

ஆனால் அப்படியும் நடப்பது உண்டு. கிட்னி கெட்டுப் போனவர்களுக்கு அதுதான் கதி!

திருபுவனைப் பக்கம்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது திருபுவனை. சோழர் காலத்துப் பெருமாள் கோயில் உள்ள பழைய ஊர். இன்று அங்கே தொழிற்பேட்டையும் உண்டு. சுற்றிலும் வயல்களும் உண்டு.

இந்த வட்டாரத்து மக்கள் பெரிய வியாதி என்றால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்குள்ள கிட்னி டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கிட்னி கெட்டு வருகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை வியாதி இல்லை. வேறு தெளிவான காரணமும் இல்லை. அவர்களில் பலர் வயலில் உழைக்கும் ஏழைகள்.

புதுச்சேரியிலும் அதை ஒட்டிய தமிழ்நாட்டுப் பகுதிகளிலும் காணப்படும் இந்த வியாதியைப் பற்றி 2020-ல் அவர்கள் எழுதினார்கள். பழைய தொண்டை மண்டலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். காரணம் இன்னும் முடிவாகத் தெரியவில்லை. கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள்.

சரி, கிட்னிக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

மூன்று இடத்தில் சமையல்

சிறுநீரைப் பிரிப்பது மட்டும்தான் கிட்னியின் வேலை என்று பலர் நினைக்கிறோம். அது தவறு.

வெயில் தோலில் பட்டதும் வைட்டமின் 'டி' உண்டாகிறது. ஆனால் அது அரைவேக்காடு! ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு கொதி. பிறகு கிட்னிக்கு வருகிறது. அங்கேதான் பக்குவமாகிறது. பக்குவமான பிறகே அதற்குப் பலம் வரும். குடலில் போய், சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, ரத்தத்தில் சேர்க்கும்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த பிரேசர், கோடிசெக் என்ற இரு விஞ்ஞானிகள். ஆண்டு 1970. கிட்னியை எடுத்துவிட்ட எலிகளின் உடம்பில் அந்தப் பக்குவமான சத்து உண்டாகவில்லை என்பதைக் கண்டார்கள்.

நடவு நடும் பெண்ணின் கதையும் இதுதான். வெயில் நிறைய இருக்கிறது. தோலும் தன் வேலையைச் செய்கிறது. கடைசி அடுப்பு அணைந்து போயிற்று!

எலும்பிலிருந்து கடன்

நம் உடம்பில் சுமார் ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் குறையவே கூடாது. குறைந்தால் தசை இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பும் தடுமாறும்.

இதைக் காவல் காக்க நம் கழுத்தில் நான்கு சிறு சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் பயறு அளவுதான். கிட்னி கெட்டால், பக்குவமான 'டி' சத்து குறையும். பாஸ்பரஸ் என்ற உப்பு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். உடனே இந்தக் காவல்காரர்கள் விழித்துக்கொள்வார்கள். எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கச் சொல்வார்கள்.

விதை நெல்லை எடுத்துச் சோறு பொங்குவது போலத்தான். இன்றைய பசி தீரும். நாளை? எலும்பு மெலியும். இடுப்பும் மூட்டும் வலிக்கும். உடம்பு அரிக்கும். லேசாக விழுந்தாலும் எலும்பு முறியும். சுண்ணாம்பு இரத்தக் குழாய்களில் படிந்து இதயத்துக்கும் ஆபத்தாகும்.

வலி மாத்திரை வேண்டாம்!

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "நடவு நட்ட வலிதானே" என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். பல வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுத்துவிடும்.

"அப்படியானால் கால்சியம் மாத்திரை சாப்பிடலாமே?" என்று கேட்கலாம். அதுவும் கூடாது. அளவு மீறினால் சுண்ணாம்பு இரத்தக் குழாயில் போய்ப் படியும். கிட்னி நோயாளிக்கு டாக்டர் தரும் பக்குவப்பட்ட 'டி' மருந்து எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கின் கால் பங்குகூட ஒரு மாத்திரையில் இருக்கும்! அவ்வளவு நுணுக்கமான மருந்தை ரத்தப் பரிசோதனை இல்லாமல் சாப்பிடலாமா?

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தவும் மாத்திரை உண்டு. அதைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். அப்போதுதான் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை அது குடலிலேயே பிடித்து நிறுத்தும். கருவாடு, கோலா பானம், பாக்கெட் பலகாரம் ஆகியவற்றைக் கிட்னி நோயாளி ஒதுக்குவது நல்லது. பால், தயிர் எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கிட்னி வியாதி ஆரம்பத்தில் சத்தம் போடாது. முகம் வீங்கி, பசி போய், மூச்சு வாங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ரத்தத்தில் 'கிரியாட்டினின்' பார்த்தால் அதற்கு முன்பே தெரிந்துவிடும். செலவு அதிகமில்லாத சோதனை.

உங்கள் வீட்டிலும் வெயிலில் உழைக்கும் அம்மாவோ அண்ணனோ இருக்கலாம். வயலுக்குப் போகும்போது குடத்தில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். நிழலில் சற்று உட்காரச் சொல்லுங்கள். எலும்பு வலி வாரக்கணக்கில் நீடித்தால், மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "கிட்னியையும் பாருங்கள் டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.