வைரம் ஒன்று, கடைகள் பல

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், மனதுக்குப் பிடித்த பெண்ணிடம் சம்மதம் கேட்கும்போது வைர மோதிரம் நீட்டுவது இன்று கும்பகோணத்து அம்மாக்களுக்கும் பழகிப்போன செய்தி. அந்த மோதிரத்தைப் பலர் கடைப்படி ஏறி வாங்குவதில்லை. இணையத்தில் கல்லைத் தேடி, இணையத்திலேயே பணம் கட்டி, கூரியரில் வரவழைக்கிறார்கள். தியாகராய நகரில் வைரக் கவுன்டரில் பல வருடம் நின்றவள் நான். எங்கள் குடும்பத்தில் யார் வைரம் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். சியாட்டிலில் இருக்கும் அக்கா மகனும் கேட்டான். வாட்ஸ்அப்பில் கடை கடையாக லிங்க் அனுப்பிவிட்டு, "சித்தி, இதுல எந்தக் கடை நல்ல கடை?" என்றான்.

"கடையை அப்புறம் பார்ப்போம். ஒவ்வொரு கல்லோட சர்டிபிகேட் நம்பரையும் எடுத்து அனுப்புப்பா" என்றேன்.

இணையத்தில் வைரம் வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். கல்லைத் தனியாகப் பாருங்கள், கடையைத் தனியாகப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் விலையும் புரியாது, தரமும் புரியாது.

கல் யாருடையது?

அமெரிக்காவில் இந்த வியாபாரத்துக்கு வழி போட்டது ப்ளூ நைல். 1999-ல் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம். கல்லை முன்கூட்டியே வாங்கி, முதலீட்டை லாக்கரில் முடக்கி வைப்பதுதான் நகைக்கடைகளின் பழைய முறை. ப்ளூ நைல் அதை மாற்றியது. மொத்த வியாபாரிகள் கையில் இருக்கும் கற்களின் பட்டியலைத் தன் தளத்தில் காட்டியது. வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகுதான் கல் வியாபாரியிடமிருந்து புறப்படும். 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிரில்லியன்ட் எர்த், கல்லைச் சுழற்றிக் காட்டும் 360 டிகிரி வீடியோவால் பெயர் வாங்கிய ஜேம்ஸ் ஆலன் ஆகியவையும் பெருமளவு இந்த வழியில் வளர்ந்தவைதான்.

அந்த மொத்த வியாபாரிகள் நியூயார்க்கிலும் மும்பையிலும் ஆன்ட்வெர்ப்பிலும் இருக்கிறார்கள். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் மிகப் பெரும்பாலானவை சூரத்தில் தீட்டப்படுபவை. எல்லோரும் கண் வைத்திருப்பது ஒரே விலைப்பட்டியலின் மேல். மார்ட்டின் ராப்பபோர்ட் 1978-ல் நியூயார்க்கில் வெளியிடத் தொடங்கிய அந்தப் பட்டியலை வியாபாரிகள் 'ராப்' என்பார்கள். "ராப்பில் இருந்து இத்தனை சதவீதம் கீழே" என்றுதான் பேரமே நடக்கும்.

சில வியாபாரிகள் ஒரு தளத்துக்கு மட்டும் கல்லைத் தருவார்கள். வேறு சிலர் பல தளங்களுக்கும் தருவார்கள். அதனால் ஒரே கல் இரண்டு கடைகளில் இரண்டு விலையில் நிற்பது சாதாரணம். அக்கா மகன் அனுப்பிய எண்களிலும் ஒரு கல் இரண்டு இடத்தில் இருந்தது. பெயரும் படமும் வேறு வேறாக இருந்தாலும் சர்டிபிகேட் எண் ஒன்றேதான். அப்படிப் பொருந்தும் கல் கிடைத்தால், எந்தக் கடை எவ்வளவு லாபம் வைக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடைகள் பல என்றாலும் முதலாளிகள் அத்தனை பேர் இல்லை. கே, ஜேல்ஸ், ஜாரெட் என்ற பழைய கடைகளை நடத்தும் சிக்னெட் நிறுவனம்தான் 2017-ல் ஜேம்ஸ் ஆலனின் தாய் நிறுவனமான ஆர்2நெட்டை வாங்கியது. 2022-ல் 36 கோடி டாலர் கொடுத்து ப்ளூ நைலையும் வாங்கியது. ஒரே முதலாளியின் தளங்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு 'சந்தை முழுவதும் பார்த்துவிட்டேன்' என்று நினைப்பது சரியல்ல.

காகிதம் சொல்வதும் சொல்லாததும்

திரையில் வாங்குபவருக்கு, சர்டிபிகேட் என்று நாம் சொல்லும் ஆய்வக அறிக்கைதான் முதல் துணை. 1931-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிஐஏ என்ற ரத்தினவியல் நிறுவனம், இன்று உலகமே பயன்படுத்தும் தர அளவுகளை 1953-ல் வகுத்தது. நிறத்துக்கு டி முதல் இசட் வரை. தெளிவுக்கு மாசற்றது முதல் ஐ3 வரை 11 படிகள். எடைக்குக் கேரட். ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதாவது நம் கடைகளில் சொல்லும் 100 சென்ட்.

எல்லா ஆய்வகமும் ஒரே கண்டிப்போடு தரம் போடுவதில்லை. ஒரு கடையில் கல் மலிவாகத் தெரிந்தால், முதலில் அறிக்கை யாருடையது என்று பாருங்கள். தாராளமாகத் தரம் போடும் ஆய்வகத்தின் 'ஜி' நிறம், கண்டிப்பான ஆய்வகத்தில் 'ஐ' ஆகிவிடலாம். அப்படியானால் அங்கே விலை குறையவில்லை, தரம்தான் குறைந்திருக்கிறது. இயற்கை வைரத்துக்கு ஜிஐஏ அறிக்கையை வைத்து ஒப்பிடுங்கள். அந்த எண்ணை ஜிஐஏ தளத்தில் இட்டால் அசல் விவரம் வரும். பல கற்களில், கர்டில் எனப்படும் மெல்லிய இடை விளிம்பில் அதே எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும்.

காகிதம் முழுவதும் சொல்லாத விஷயம் ஒளி. அவன் அனுப்பியதில் இரண்டு கற்கள். இரண்டும் 1.01 கேரட், ஜி நிறம், விஎஸ்2 தெளிவு, வெட்டு 'எக்ஸலன்ட்'. ஒன்று விலை குறைவு. "மலிவா இருக்கறதையே வாங்கிடலாமே சித்தி, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான். அளவைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றின் குறுக்களவு 6.45 மில்லிமீட்டர், ஆழம் அதில் 61.5 சதவீதம். மலிவான கல்லுக்குக் குறுக்களவு 6.34, ஆழம் 62.9 சதவீதம், கர்டிலும் தடிமன். அதன் எடையில் ஒரு பகுதி கீழேயும் இடையிலும் ஒளிந்திருக்கிறது. விரலில் போட்டால் தெரியாத எடைக்குப் பணம் கொடுப்பானேன்?

வைரம் மின்னுவது கோணங்களால். 1919-ல் மார்செல் தோல்கோவ்ஸ்கி கணக்கிட்டுச் சொன்ன அளவுகளில் மேல்பகுதி 34.5 பாகை, கீழ்பகுதி 40.75 பாகை, மேல்தட்டு குறுக்களவில் 53 சதவீதம். இன்றைய நல்ல வட்ட வைரங்களும் இந்தக் கோணங்களை ஒட்டித்தான் இருக்கின்றன. ஜிஐஏ 2006 முதல் வட்ட வைரங்களுக்கு வெட்டின் தரத்தையும் போடுகிறது. ஆனால் 'எக்ஸலன்ட்' என்பது அகலமான வரம்பு. அதன் நடுவில் இருக்கும் கல்லும் விளிம்பில் இருக்கும் கல்லும் ஒன்றல்ல.

கடைகள் உண்மையாக வேறுபடுவது இந்த இடத்தில்தான். சில கடைகள் வெறும் எண்களைக் காட்டும். சில கடைகள் வீடியோ காட்டும். ஹூஸ்டன் பகுதியில் இயங்கும் வைட்ஃபிளாஷ் போன்ற சில கடைகள் தேர்ந்த கற்களைத் தாங்களே இருப்பில் வைத்து, ஒளி எங்கே திரும்புகிறது, எங்கே கசிகிறது என்று காட்டும் சிறப்புப் படங்களையும் தருகின்றன. அதற்கு விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் பணத்தில் நாம் வாங்குவது தெளிவான தகவல். ஆனால் ஒரு கடையின் வீடியோவை இன்னொரு கடையின் வீடியோவோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவரும் வைக்கும் விளக்கு வேறு. ஒரே கடைக்குள் இருக்கும் கற்களை ஒப்பிடலாம்.

பணத்தை மிச்சப்படுத்தவும் ஒரு வழி உண்டு. முழு ஒரு கேரட் என்ற இடத்தில் விலை திடீரென ஏறும். 95 சென்ட் கல் நன்றாக வெட்டப்பட்டிருந்தால், குறுக்களவில் முக்கால் கேரட் போலவா தெரியும்? இல்லை, ஒரு கேரட் போலவே தெரியும். ஆழமாக வெட்டிய ஒரு கேரட் கல்லுக்கு அது சளைத்ததல்ல.

அக்காவின் கேள்வி

கல்லின் படத்தை அக்காவுக்கு அனுப்பியதும் அவள் கேட்டது விலையை அல்ல. "கரும்புள்ளி ஏதாவது இருக்காடீ?" என்றாள். நம் வீடுகளில் வைரம் எல்லோருக்கும் ஒத்துவராது என்ற நம்பிக்கை உண்டு. கல்லை வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்து, மனசு ஒப்பிய பிறகே பணம் கொடுத்தவர்களை நான் கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். இணையத்தில் வாங்கும்போது அதற்கு இடம் தருவது இரண்டு விஷயம். ஒன்று, சில அறிக்கைகளில் வரும் வரைபடம். உள்ளே என்ன மாசு, எந்த இடத்தில் என்று அதில் குறித்திருக்கும். கறுப்பா வெள்ளையா என்பதை வீடியோவில் பார்க்கலாம், கடையில் உள்ள வல்லுநரை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்துச் சொல்லவும் கேட்கலாம். இரண்டாவது, திருப்பிக் கொடுக்கும் அவகாசம்.

அமெரிக்கச் சந்தைக்கும் நம் ரசனைக்கும் உள்ள ஒரு வித்தியாசமும் நமக்குச் சாதகமானது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கற்களை அமெரிக்கச் சந்தையில் பெரும்பாலும் விலை குறைத்துத்தான் விற்கிறார்கள். நம் பாட்டிமார் 'ப்ளூ ஜாகர்' தோடு என்று உயிரை விட்டது இப்படி நீலம் ஓடும் கற்களுக்காகத்தான். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது 'ஜாகர்' என்ற சொல். ஜிஐஏ 1997-ல் வெளியிட்ட ஆய்வில், நீல ஒளிர்வால் கல்லின் தோற்றம் பொதுவாகக் கெடுவதில்லை என்றே கண்டார்கள். மிகச் சில கற்கள் மட்டும் பால் கலந்தாற்போல் மங்கலாக இருக்கும், அவற்றை வீடியோவில் விலக்கிவிடலாம். மற்றபடி, ஒளிர்வு உள்ள நல்ல கல் குறைந்த விலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

பணம் கட்டிய பிறகு

கல் முடிவானதும் கடையை எடைபோட வேண்டும். திருப்பிக் கொடுக்க 30 நாள் என்பது அங்கே பரவலான வழக்கம். ஆனால் அந்த 30 நாள் கடையிலிருந்து அனுப்பிய தேதியிலிருந்தா, கைக்கு வந்த தேதியிலிருந்தா? பெயர் பொறித்தால் திருப்ப முடியுமா? தனியாக வடிவமைத்த மோதிரம் என்றால் என்ன செய்வார்கள்? சம்மதம் கேட்கும் நாள் ஒரு மாதம் தள்ளி இருந்தால், மோதிரம் பெட்டிக்குள் இருக்கும்போதே அவகாசம் முடிந்துவிடும்.

விரல் அளவைப் பெண்ணுக்குத் தெரியாமல் எடுப்பதால் பிசகுவது இயல்பு. முதல்முறை அளவு மாற்ற இலவசமா என்று கேளுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்றுவது மிகவும் கடினம். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் தேயும், தளரும். அவற்றை வருடா வருடம் சோதித்து இறுக்கித் தருவார்களா, அனுப்பும் செலவு யாருடையது? பிற்காலத்தில் பெரிய கல்லுக்கு மாற்றினால் பழைய கல்லுக்கு என்ன மதிப்பு தருவார்கள்? இதற்கெல்லாம் கடைக்குக் கடை பதில் மாறும்.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளி மாநிலக் கடையில் வாங்கினால் விற்பனை வரி மிச்சம் என்பது பழைய கதை. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, பெரிய இணையக் கடைகள் வாங்குபவரின் ஊருக்கு உரிய வரியை வாங்கிவிடுகின்றன. சியாட்டிலில் அது 10 சதவீதத்துக்கு மேல். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிவழி பணம் அனுப்பினால் சிறு தள்ளுபடி தரும் கடைகள் உண்டு. ஆனால் தகராறு வந்தால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிடும் வாய்ப்பு அதில் கிடைக்காது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமா?

இன்று பெரும்பாலான தளங்களில் இயற்கை வைரம், ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்று இரண்டு பட்டியல் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரம்தான். 2018-ல் அமெரிக்காவின் வணிக ஆணையம் வைரத்துக்கான விளக்கத்தில் 'இயற்கை' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஆனால் அதன் விலை விழுந்துகொண்டே வந்திருக்கிறது. 2018-ல் வைரச் சுரங்க நிறுவனமான டி பியர்ஸ் தன் லைட்பாக்ஸ் கடையில் ஒரு கேரட்டை 800 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது அது அதிர்ச்சி தந்த குறைந்த விலை. 2025-ல் அந்தக் கடையையே மூடப்போவதாக டி பியர்ஸ் அறிவித்தது. 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ இவ்வகைக் கற்களுக்கு நிறம், தெளிவு என்று தனித்தனிப் படிகள் போடுவதையும் விட்டுவிட்டது. அழகுக்காக வாங்கினால் மனநிறைவோடு வாங்குங்கள். நாளை விற்கலாம் என்ற கணக்கை மட்டும் அதில் வைக்காதீர்கள். கடையின் மாற்றிக்கொள்ளும் சலுகை இந்தக் கற்களுக்கும் உண்டா என்று தவறாமல் கேளுங்கள்.

சம்மதம் கேட்பது இந்தியாவில் என்றால் இங்கேயே வாங்கலாம். 2008-ல் சென்னையில் இணையக் கடையாகத் தொடங்கிய கேரட்லேன், 2016 முதல் டைட்டன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பொன்னுக்கு ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்ற தனி அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். பழைய நகையை மாற்றிக்கொள்ளும் வசதி நம் ஊர்க் கடைகளின் பலம். மாற்றும்போது எத்தனை சதவீத மதிப்பு தருவார்கள் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் கடைசியில் எடுத்தது 95 சென்ட் கல், எச் நிறம், விஎஸ்2, நீல ஒளிர்வு உள்ளது. அவன் பார்த்ததிலேயே மலிவான கடை அல்ல அது. ஆனால் அவன் கேட்டதற்கெல்லாம் மின்னஞ்சலில் தெளிவாகப் பதில் எழுதிய கடை. மோதிரம் வந்ததும், விற்பனையில் சம்பந்தமில்லாத ஒரு மதிப்பீட்டாளரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவர் லேசர் எண்ணைச் சரிபார்த்து, கொக்கிகளைப் பார்த்து, காப்பீட்டுக்கு மதிப்பு எழுதிக் கொடுத்தார். திருப்பும் அவகாசத்துக்குள் இந்தச் சோதனையை முடித்தால்தான் அதற்குப் பயன்.

மாதக்கணக்கில் சேமித்த பணத்தை, கண்ணால் காணாத கடைக்குப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். வாயால் சொல்வதை எழுத்தில் தரத் தயங்கும் கடையில், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம். அதே தரத்தில் வேறு கல் வேறு கடையில் நிச்சயம் கிடைக்கும்.