அறிந்தவர் பெயரில் வரும் அஞ்சல்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அண்மையில் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். அவருடன் பல்லாண்டுக் காலம் ஒரே பள்ளியில் பணியாற்றிய நண்பரின் மின்னஞ்சல் ஒன்று அதில் வந்திருந்தது. வெளியூரில் இருப்பதாகவும், தொலைபேசி பழுதாகிவிட்டதாகவும், நாற்பதாயிரம் ரூபாய் உடனே தேவைப்படுவதாகவும், ஊர் திரும்பியதும் தந்துவிடுவதாகவும் நண்பர் எழுதியிருந்தார். பெரியவர் நம்மிடம் கேட்டது ஒரே வினா: "தம்பி, முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அவருடையதேதான். பிறகு எதற்காக ஐயப்பட வேண்டும்?"

இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிதம் எழுதிப் பழகிய தலைமுறையினருக்குக் கையெழுத்தே சான்றாக இருந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே எழுதியவர் இன்னார் எனத் தெரிந்துவிடும். மின்னஞ்சலில் கையெழுத்து இல்லை. அதன் இடத்தை முகவரி பிடித்துக்கொண்டது. ஆயின் முகவரி என்பது ஒருவருடைய வீட்டைப் போன்றது. பூட்டை உடைத்து உட்புகுந்தவன் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நம்மை அழைத்தாலும், அழைப்பு அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. போலி முகவரிகளை வடிகட்டும் பொறிகள் அஞ்சல் நிறுவனங்களிடம் உள்ளன. உண்மையான கணக்கிலிருந்தே புறப்படும் பொய்யஞ்சலை அவை பெரும்பாலும் தடுப்பதில்லை.

இதில் ஏமாறுவோர் உலகம் அறியாதவர் என்று எண்ணுதல் தவறு. இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா அவர்களுக்கு 2019 ஏப்ரல் மாதத்தில், உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதியும் தம் நண்பருமான பி.பி.சிங் அவர்களின் கணக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவசர உதவி தேவை என்றும், தொலைபேசியில் தொடர்புகொள்ள இயலாது என்றும் அதில் கண்டிருந்தது. லோதா அவர்கள் மறுமொழி எழுதினார். உறவினர் ஒருவரின் மருத்துவச் செலவிற்குப் பணம் வேண்டும் என்று அடுத்த மடல் வந்தது. இரண்டு தவணைகளாக ஒரு இலட்சம் ரூபாய் அனுப்பினார். தம் கணக்கு களவாடப்பட்ட செய்தியை மே மாத இறுதியில் சிங் அவர்கள் தெரிவித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. சாட்சியங்களை ஆய்ந்து தீர்ப்பு வழங்கிய ஒருவரே நண்பரின் துன்பம் என்றதும் ஆய்வை மறந்து உதவ முன்வந்தார். இதனை அறியாமை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை; நட்பின் இயல்பு என்றே சொல்வோம். கள்வனின் முதலீடும் அந்த இயல்புதான்.

2009ஆம் ஆண்டில் பிரித்தானிய அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவின் கணக்கைக் கைப்பற்றியவர்களும் இதே நாடகத்தைத்தான் நடத்தினர். அவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பணப்பையைத் தொலைத்துவிட்டதாகவும், 3,000 டாலர் தேவை என்றும் அவருக்கு அறிமுகமானவர்களுக்கு மடல்கள் சென்றன.

கணக்கு எவ்வாறு களவு போகிறது? பெரும்பாலும் சாவியை நாமே கொடுத்துவிடுகிறோம். 'உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்துக' என்று ஓர் அஞ்சல் வரும். அழுத்தினால் நாம் நாள்தோறும் காணும் நுழைவுப் பக்கத்தை அச்சாக ஒத்த போலிப் பக்கம் திறக்கும். அதில் இடும் கடவுச்சொல் கள்வனிடம் சேர்ந்துவிடும். இன்னொரு வழி, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தும் நம் சோம்பல். யாஹூ நிறுவனத்தில் 2013இல் நிகழ்ந்த ஊடுருவலில் 300 கோடிக் கணக்குகள் பாதிக்கப்பட்டன என்பதை அந்நிறுவனமே 2017இல் ஒப்புக்கொண்டது. ஓரிடத்தில் கசிந்த சொல்லைக் கொண்டு வேறிடங்களின் கதவுகளையும் திறந்து பார்ப்பது கள்வர்களின் அன்றாட வேலை.

உட்புகுந்த பின் அவன் செய்வதே மிகவும் அஞ்சத்தக்கது. அவன் உடனே பணம் கேட்பதில்லை. பழைய மடல்களைப் படிக்கிறான். யாரை எவ்வாறு விளிக்கிறோம், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார், யார் நமக்குக் கடன்பட்டவர் என்பன அவனுக்குத் தெரிந்துவிடுகின்றன. நண்பர்களின் மறுமொழிகள் உரிமையாளரின் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குச் செல்லுமாறு ஒரு விதியை அமைக்கிறான். வரும் அஞ்சல்கள் அனைத்தின் படியும் தன் பெட்டிக்கு வருமாறு மற்றொரு விதி. கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் இவ்விதிகள் அப்படியே இருக்கும். பலர் இதனைக் கவனிப்பதில்லை. சங்கங்கள், கல்லூரிகள், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்கள் ஆகியவற்றின் பொதுக் கணக்கு இவ்வாறு பிடிபட்டால், நன்கொடை கேட்கும் மடலை யார்தான் ஐயுறுவர்?

முன்பெல்லாம் பிழை மலிந்த மொழியே பொய்யஞ்சலைக் காட்டிக்கொடுத்தது. கே.ஜி.கண்டிகைப் பெரியவரின் நண்பர் எப்போதும் தமிழிலேயே எழுதுபவர். அந்த மடலோ ஆங்கிலத்தில் இருந்தது. நாம் முதலில் ஐயுற்றது அதனால்தான். இன்று கணிப்பொறியே பிழையற்ற தமிழில் மடல் எழுதித் தருகிறது. ஆகவே அந்த அடையாளமும் நெடுநாள் நில்லாது.

எனவே, ஆராய வேண்டியது முகவரியை அன்று, வேண்டுகோளையே. பணம், வங்கி விவரம், ஒருமுறைக் கடவெண் ஆகியவற்றுள் எதைக் கேட்டாலும், கேட்டவரின் குரலை நாம் முன்பே அறிந்த எண்ணில் கேட்ட பிறகே மேற்கொண்டு செல்லுதல் வேண்டும். மடலில் தரப்பட்ட புதிய எண் பயன்படாது. அந்த மடலுக்கே மறுமொழி எழுதி 'இது நீங்கள்தானா?' என்று கேட்பதும் வீண். 'ஆம்' என்று விடையளிப்பவன் கள்வனே. 'தொலைபேசியில் பேச இயலாது' என்ற தொடரைக் கண்டவுடன் கட்டாயம் பேசியே தீர வேண்டும் எனக் கொள்க. அவர் எடுக்காவிடில் அவர் மனைவியையோ மக்களையோ அழைக்கலாம்.

நம் கணக்கைக் காக்க, அஞ்சலுக்கெனத் தனியான நீண்ட கடவுச்சொல்லும், இரண்டு படிச் சரிபார்ப்பும் இன்றியமையாதவை. இரண்டாவது இருப்பின், கடவுச்சொல் மட்டும் தெரிந்தவனால் எளிதில் உள்ளே வர இயலாது. கணக்கு பறிபோனது தெரிந்தால் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, மீட்பு எண்ணும் மேற்சொன்ன விதிகளும் நாம் அமைத்தவைதாமா என்று பார்த்தல் வேண்டும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். பணம் கள்வனின் கைக்குச் செல்லும் முன் வங்கிக் கணக்கிலேயே முடக்க வாய்ப்புண்டு. நேரம் கடக்கக் கடக்க அவ்வாய்ப்பு குறையும். நம் இசைவின்றி எடுக்கப்பட்ட பணத்திற்கு 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை பாதுகாப்பளித்தது. நாமே மனமுவந்து அனுப்பிய பணத்திற்கு அதனைக் காட்டி வங்கியிடம் ஈடு பெறுதல் அரிதாக இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி பிறர் கடவுச்சொல்லைக் களவாகப் பயன்படுத்துவதற்கும், கணிப்பொறி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

பெரியவர் நம் எதிரிலேயே நண்பரின் பழைய எண்ணை அழைத்தார். நண்பர் வெளியூர் எதற்கும் போகவில்லை. சோளிங்கரில் தம் வீட்டில்தான் இருந்தார். மூன்று நாளாகத் தம் அஞ்சல் திறக்கவில்லை என்றும், கடவுச்சொல்லை மறந்துவிட்டோம் போலும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். அன்று மாலை இருவரும் பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மடல் சென்றிருக்கக்கூடியவர்களை ஒருவர் பின் ஒருவராக அழைக்கத் தொடங்கினர். நான்காவதாக அழைக்கப்பட்டவர், முதல் நாளே பத்தாயிரம் அனுப்பியிருந்தார்.