பாட்டு ஓடினால் கணக்கு ஓடுமா?

மும்பைக்கு அருகே உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் பட்டறைக்குப் பக்கத்து வீடு. கணக்கு நோட்டைத் திறந்த பிள்ளையின் காது தையல் மிஷினுக்குப் போய்விடுகிறது. இதில் பாட்டு வேறா என்று பெற்றோர் கடிந்துகொள்வது இயல்பு. ஆனால் ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாடு உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டே உதவக்கூடும்.

ஏன்?

ஊக்கத்தைத் தூண்டும் டோபமின் இவர்கள் மூளையில் வேறுவிதமாக இயங்குகிறது என்பது பரவலான விளக்கம். வேலை சலித்தால் மூளை வேறு தூண்டுதல் தேடி அலையும். பிடித்த இசை அந்தத் தேடலைத் தணிக்கக்கூடும். 1996இல் அமெரிக்காவில் அபிகாஃப் குழு நடத்திய ஆய்வில், ஏடிஎச்டி சிறுவர்கள் அமைதியைவிட இசையின் நடுவே கணக்குகளைக் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். மற்றச் சிறுவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை.

எப்படி?

பாடம் படிக்கும்போது சொற்கள் உள்ள பாட்டு வேண்டாம். இரண்டும் மொழி என்பதால் மோதும். வீணையோ புல்லாங்குழலோ மெல்ல ஒலிக்கட்டும்.

கேட்பதோடு நிற்காமல் பாடவும் வைக்கலாம். மும்பை மாட்டுங்காவில் கர்நாடகப் பாட்டு கற்கும் பிள்ளை ஆதி தாளம் போடுவதைப் பாருங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, ஏறினாலும் கை அதே வேகத்தில் நிற்க வேண்டும். அவசரத்தை அடக்கவும் அடுத்ததை எதிர்பார்க்கவும் இது நல்ல பயிற்சி.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது. ஒரே மாதிரிக் கணக்குகளை இசையோடும் இசையின்றியும் போடச் சொல்லி ஒப்பிடுங்கள். இசை துணைதான், மருத்துவர் சொன்ன சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.