பழைய காருக்கு ரூ.55 ஆயிரம் பில்: ரிப்பேர் பண்ணலாமா, மாத்திடலாமா?

“சார், கிளட்ச் செட் போயிடுச்சு. ஏசி கம்ப்ரஸரும் மாத்தணும். முன்னாடி சஸ்பென்ஷன் வேலை வேற இருக்கு. எல்லாம் சேர்த்து 55 ஆயிரம் வரும். பண்ணிடலாமா?”

மெக்கானிக்கிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், “வண்டியை வித்தாலே ஒன்றேகால் லட்சம்தான் வரும். அதுக்குப் போய் 55 ஆயிரமா?” என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதே வேகத்தில் ஷோரூமுக்குப் போய் புது கார் புக் செய்துவிட்டு வருபவர்களும் உண்டு.

ஆனால், ரிப்பேர் பில்லை காரின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது தவறான கணக்கு. இந்தச் செலவுக்குப் பிறகு கார் எத்தனை மாதம் ஓடும், அதே மாதங்களுக்கு இன்னொரு கார் எவ்வளவு கேட்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கு போட்டால் என்ன தெரியும்?

ஓர் உதாரணம். 2012-ல் அப்பா வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக்கை இப்போது மகள் சென்னையில் ஓட்டுகிறார். ரிப்பேருக்கு ரூ.55,000. அடுத்த 2 வருடங்களுக்கு சர்வீஸ், டயர், சில்லறை வேலைகளுக்கு ரூ.45,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் காரின் விலை இன்னும் ரூ.50,000 இறங்கலாம். மொத்தம் ரூ.1.5 லட்சம். 24 மாதங்களுக்குப் பிரித்தால், மாதம் சுமார் ரூ.6,250.

இப்போது புது கார். ஷோரூம் விலை ரூ.7.5 லட்சம் என்றால், தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி மட்டுமே 13 சதவீதம், அதாவது ரூ.97,500. (ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் குறைந்தது 18 சதவீதம்.) இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு விலை ரூ.9 லட்சத்தை நெருங்கும். அதில் ரூ.7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ரூ.14,500-ஐத் தாண்டும். வட்டி மட்டும் ரூ.1.7 லட்சம்.

5 வருடம் கழித்து அந்த கார் ரூ.4 லட்சத்துக்கு விலைபோனாலும், விலைச்சரிவும் வட்டியும் சேர்ந்து மாதம் ரூ.11,000-க்கு மேல் ஆகிறது. சர்வீஸும் வருடாந்திர இன்ஷூரன்ஸும் தனி.

2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால், ஸ்பேர் பார்ட்ஸ் மீதான வரியும் அப்போதே 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஆக, பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் பெரும்பாலும் ரிப்பேர்தான் ஜெயிக்கும்.

எந்த ரிப்பேர் ஓகே? எது பொறி?

கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன், பேட்டரி, டயர் எல்லாம் தேயும் பாகங்கள். எந்த காரிலும் ஒரு நாள் மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் அந்தப் பிரச்சினை அதோடு முடிந்தது.

எக்ஸாஸ்ட்டில் தொடர்ந்து நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடான பிறகும் கெட்டியாக வெள்ளைப் புகை வந்தால், கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் இறக்கும் அளவுக்கு வேலை போனால் முதலில் சொன்ன எஸ்டிமேட்டோடு நிற்காது. வெள்ளத்தில் மூழ்கிய காரின் வயரிங்கும் அப்படித்தான், ஒன்று சரியானால் இன்னொன்று கிளம்பும். பாடியின் அடிப்பகுதி துருப்பிடித்து அரித்துப்போயிருந்தால், டிங்கரிங், பெயின்டிங் செய்து மறைக்கலாமே தவிர, பழைய பலம் எளிதில் திரும்பாது.

அதனால் மெக்கானிக்கிடம் “எவ்வளவு ஆகும்?” என்பதோடு நிறுத்தாமல், “இதைச் செஞ்சா, அடுத்த ஒரு வருஷத்துல வேற என்ன பெருசா வரும்?” என்றும் கேளுங்கள். இன்னொரு ஒர்க்‌ஷாப்பிலும் காட்டிவிடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார் என்றால், இ20 பெட்ரோலுக்கு ரப்பர் குழாய்களும் கேஸ்கட்களும் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

15 வருஷம் ஆனா காரை உடைச்சுடுவாங்களா?

இல்லை. தலைநகர் டெல்லிப் பகுதிக்கான கட்டுப்பாடுகளையும், அரசு வாகனங்களுக்கான விதியையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. தமிழ்நாட்டில் தனியார் காரின் பதிவு 15 வருடங்களுக்குச் செல்லும். பிறகு ஆர்டிஓ ஆய்வில் தேறினால், 5 வருடங்களுக்குப் புதுப்பிக்கலாம்.

2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் ரூ.5,000. முன்பு ரூ.600 மட்டுமே இருந்தது. 20 வருடங்களைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் ரூ.10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரியும் உண்டு. உதாரணத்தில் சொன்ன 2012 காருக்கு 2027-ல் ஆர்சி முடியும் என்பதால், இந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.

பில்லில் வராத ஒரு விஷயம்

ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையிலும்தான் எல்லா புது கார்களுக்கும் கட்டாயமாயின. பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் 2022-ல்தான் முழுமையாகக் கட்டாயமானது. அதற்கு முன் வந்த பல பட்ஜெட் கார்களின் அடிப்படை மாடல்களில் இவை எதுவும் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் 55 ஆயிரம் இல்லை, ஒரு லட்சமே கொடுத்தாலும் முறையாகப் பொருத்தித் தர முடியாது.

உதாரணத்தில் உள்ள மகள் அந்த காரை வேளச்சேரியிலிருந்து ஆபீஸுக்கு மட்டும் ஓட்டுகிறார் என்றால், ரிப்பேர் செய்வது நல்ல முடிவு. ஆனால் மாதம் இரண்டு முறை குழந்தையோடு விழுப்புரம் போய்வருகிறார் என்றால்? நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, மிச்சம் பிடிக்கும் அந்த 5 ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பு குறைவுதான்.

அதற்காகப் புது கார்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 2022-க்குப் பிறகு தயாரான யூஸ்டு காரில் இந்த வசதிகள் இருக்கும். இன்ஷூரன்ஸ் கணக்கின்படி 3 வருடங்களைத் தாண்டிய காருக்கு 40 சதவீதம் தேய்மானம். அந்தச் சரிவின் பெரும்பகுதியை முதல் ஓனரே ஏற்றிருப்பார்.

விற்க முடிவு செய்துவிட்டால்...

பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆர்சியில் பெயர் மாறும் வரை சட்டப்படி நீங்கள்தான் உரிமையாளர். வாங்கியவர் விபத்து ஏற்படுத்தினாலும் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவருக்கு வரும் என்று 2018-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உடைக்கத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புது காருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரவும் மத்திய விதிகளில் இடமுண்டு. உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆர்டிஓவில் விசாரித்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை மெக்கானிக் “பண்ணிடலாமா?” என்று கேட்டால், உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் டைம் கேளுங்கள். மாதக் கணக்கைப் போடுங்கள். பிறகு, அந்த காரில் யார் யார், எந்த ரோட்டில் போகிறார்கள் என்று யோசியுங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது.