இல்லத்திலும் நடை சாத்தும் நேரம் வேண்டும்

உச்சிக்கால பூஜை நிறைவுற்று நடை சாத்தப்பட்ட பின்னர்க் கோயில் வாசலை வந்தடையும் அன்பர்கள் பலர். நெடுந்தொலைவிலிருந்து வந்தவராயினும், வயது முதிர்ந்தவராயினும், மாலையில் நடை திறக்கும் வரை அவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். சிலருக்கு அது மனத்தாங்கலையும் தருவதுண்டு. எங்கும் நிறைந்த இறைவனுக்கு ஓய்வு எதற்கு என வினவுவோரும் உளர். இறைவனுக்கு ஓய்வு தேவையில்லாமல் இருக்கலாம். விடியற்காலை முதல் தொண்டு செய்யும் அர்ச்சகருக்கும், மடைப்பள்ளியில் அடுப்பின் முன் நிற்பவருக்கும், நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவருக்கும் அது தேவை. மாலைப் பூஜை குறைவின்றி நடைபெற வேண்டுமானால், நண்பகலில் கதவு மூடப்பட வேண்டும். காலத்தைப் பேணும் முறைகளைக் கற்பிக்க இன்று எத்தனையோ நூல்களும் வகுப்புகளும் வந்துவிட்டன. திருக்கோயிலோ அதனைப் பல நூற்றாண்டுகளாக நடத்திக் காட்டி வருகிறது.

அறுபது நாழிகையும் ஆறு காலமும்

ஒரு நாள் என்பது 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை சேர்ந்தால் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். நாளொன்றுக்கு எட்டுச் சாமங்கள். சூரியோதயம் காலை 6 மணிக்கு எனக் கொண்டால், 4.24 முதல் 5.12 வரையுள்ள ஒரு முகூர்த்தமே பிரம்ம முகூர்த்தம். வீடுதோறும் கடிகாரம் இல்லாத காலத்தில் கோயில் மணியே ஊருக்கு நேரத்தை உணர்த்தியது.

பெரிய சிவாலயங்களில் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம் என ஆறு காலப் பூஜைகள் நடைபெறுகின்றன. அவற்றின் நேரம் தலத்திற்குத் தலம் சிறிது மாறுபடும், வரிசை மாறுவதில்லை. ஒவ்வொரு காலத்திற்கும் உரிய வழிபாடு அந்தந்தக் காலத்திலேயே நிறைவு பெறுகிறது. மதுரையில் ஒவ்வோர் இரவும் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் மீனாட்சியம்மனின் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. பள்ளியறைப் பூஜையுடன் அன்றைய நாள் முடிவடைகிறது. செய்வதற்கு இன்னும் ஏதேனும் மிச்சமிருக்கிறதே என்று எவரும் நள்ளிரவில் மீண்டும் கதவைத் திறப்பதில்லை.

வங்கிகளில் அன்றாடம் ரொக்க இருப்பைக் கணக்கோடு சரிபார்த்த பின்னரே பெட்டகத்தைப் பூட்டுவார்கள். மிஞ்சிய தொகை மறுநாள் கணக்கில் முன்னிருப்பாக வந்து நிற்கும். நாழிகைக்கு அந்த வசதி இல்லை. இன்று செலவிடாத நாழிகை நாளைய கணக்கில் வருவதில்லை. திருவள்ளுவர் காலமறிதலுக்கென்றே ஓர் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தது கருதத்தக்கது.

பொருள் சேகரிப்பதும் வழிபாடே

வைணவத்தின் பாஞ்சராத்ர ஆகம மரபு அடியவரின் ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பகுக்கிறது. விடியலில் நீராடி இறைவனை அணுகுவது அபிகமனம். அதன்பின் வழிபாட்டிற்கு வேண்டிய பொருள்களைச் சேகரிப்பது உபாதானம். நண்பகல் அளவில் செய்யும் பூஜை இஜ்யை. பிற்பகலில் நூல்களை ஓதுவது ஸ்வாத்யாயம். இரவில் இறைவனை நினைந்து மனத்தை ஒடுக்குவது யோகம். வேதாந்த தேசிகர் தமது ஸ்ரீபாஞ்சராத்ர ரக்ஷை என்னும் நூலில் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வைந்தில் இரண்டாவது தனிக் கவனத்திற்குரியது. மலர் பறிப்பதும், பண்டங்கள் வாங்கி வருவதும், அவற்றிற்கான பொருளைத் தேடுவதும் வழிபாட்டிற்கு இடையூறு என்று அம்மரபு கூறவில்லை. அவற்றையும் வழிபாட்டின் ஓர் அங்கமாக்கி, அவற்றிற்கென ஒரு காலத்தையும் ஒதுக்கியது. காய்கறி வாங்கச் செல்வதும், பேரக்குழந்தையைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிடுவதும், மின்கட்டணம் செலுத்துவதும் இன்றைய இல்லறத்தாரின் உபாதானம் எனலாம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி விடியலுக்கு முன்பே ஆசிரமச் சமையற்கூடத்திற்குச் சென்று, அங்குள்ளோருடன் அமர்ந்து காய்கறி நறுக்கியதை அன்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பணி அவருக்குத் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை.

ஆயினும் உபாதானத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது ஐந்தில் ஒன்று மட்டுமே. அது மற்ற நான்கையும் விழுங்கிவிடும்போதுதான் இல்லத்தில் சோர்வும் சினமும் தோன்றுகின்றன.

ஓய்வு ஆணை பெறாதவர்

மகனும் மருமகளும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். பணி ஓய்வு பெற்ற பெரியவருக்குக் காலை நடையும், நாளிதழும், மாலையில் கோயிலும் தடையின்றி அமைந்துவிடுகின்றன. அவருடைய மனைவிக்கு ஓய்வு ஆணையை எவரும் வழங்கியதில்லை. விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் அவர், குழந்தைகளின் உணவு, பள்ளி, மாலைச் சிற்றுண்டி, இரவுச் சமையல் என்று ஓடி, ஒருநாளும் தவறாது ஓதி வந்த பாராயண நூலைத் திறக்காமலேயே உறங்கச் செல்கிறார். கேட்டால், "குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதானே பூஜை" என்பார். அச்சொல் உண்மை. அதனைச் சொல்லும்போது குரலில் தென்படும் களைப்பும் உண்மை.

மருமகள் கொடியவள் அல்லள். அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் இடையில் அவளுக்கும் மூச்சுவிட நேரமில்லை. மாமியாருக்கென ஒரு நேரம் வேண்டும் என்பதே அங்கு ஒருவருக்கும் தெரியாது. ஏனெனில் அவர் ஒருபோதும் அதனைக் கேட்டதில்லை. கோயிலில் நடை சாத்தும் நேரம் வாசலிலேயே பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. இல்லத்தில் அப்படிப்பட்ட பலகை இல்லை.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது, தமக்குரிய ஒரு முகூர்த்தத்தை வீட்டார் அனைவருக்கும் தெளிவாகக் கூறிவிடுவதே. "மாலை ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரை விளக்கின் முன் அமர்ந்திருப்பேன்" என்று இன்முகத்துடன் கூறினால், பெரும்பாலான பிள்ளைகள் அதனை மதிக்கவே செய்வர். அந்த நேரத்தில் அடுப்பையும் குழந்தையையும் கவனிக்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்வது அவருக்கும் புண்ணியமே. கோயிலிலும் அர்ச்சகர் ஒருவரே எல்லாப் பணிகளையும் செய்வதில்லை. பூத்தொடுப்பவர், பரிசாரகர், ஓதுவார் எனப் பணி பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதாலேயே காலம் தவறாமல் பூஜை நடைபெறுகிறது.

நாளை வகுத்துக்கொள்ளும் முறை

எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஆகிய மூன்றையும் முதலில் நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். உணவுக்கு முன்னும் பின்னும் மருந்து உட்கொள்ளும் முதியோருக்கு இது உடல்நலத்திற்கும் இன்றியமையாதது. உண்ணும் வேளை தவறினால் மருந்தின் வேளையும் தவறும்.

வங்கி, அஞ்சலகம், மருத்துவர் என வெளியே செல்லும் பணிகளை வாரத்தில் ஓரிரு முற்பகல்களுக்குள் அடக்கிக்கொள்வது நலம். ஓய்வூதியர் பலருக்கு நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டியிருக்கும். இத்தகைய ஆண்டுப் பணிகளைத் தை மாதத்திலேயே நாட்காட்டியில் குறித்துவைத்தால் கடைசி நேரப் பதற்றம் இராது.

பிற்பகலில் சிறிது நேரம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு ஓய்வெடுப்பது சோம்பல் ஆகாது. அது இல்லத்தின் உச்சிக்கால நடைசாத்தல். எழுந்தபின் அரை மணி நேரமேனும் ஒரு நல்ல நூலைப் படித்தால் ஸ்வாத்யாயம் கைகூடும். இரவில் படுக்கைக்குச் செல்லுமுன் மறுநாள் செய்ய வேண்டிய இரண்டு மூன்று பணிகளைத் தாளில் எழுதிவைத்துவிட்டால், மனம் அவற்றைச் சுமந்துகொண்டு விழித்திருக்க வேண்டியதில்லை.

ஒருகால பூஜை

எல்லா நாள்களும் ஒன்றுபோல அமைவதில்லை. நோய் வரும், உறவினர் வருவர், பேரனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய ஒழுங்கு முழுவதும் குலையும். அவ்வேளையில், எல்லாம் கெட்டுவிட்டதே என்று மனம் தளர்ந்து மொத்தத்தையும் கைவிடுவோர் பலர்.

இதற்கும் கோயிலே வழிகாட்டுகிறது. ஆறுகால பூஜை நடத்த வருவாயில்லாத கோயில்கள் தமிழகத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றிற்காகவே இந்து சமய அறநிலையத் துறை ஒருகால பூஜைத் திட்டத்தை நடத்தி வருகிறது. ஆறு காலம் இயலவில்லை என்பதற்காக அக்கோயில்கள் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒருமுறை கதவு திறக்கிறது. ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது. இயன்ற நைவேத்தியம் படைக்கப்படுகிறது. அந்த இறைவனைக் குறைந்த இறைவன் என்று எவரும் கருதுவதில்லை.

நெருக்கடி மிகுந்த நாளிலும் ஒரு நாழிகையை, அந்த 24 நிமிடங்களை, உரிய நேரத்தில் காத்துக்கொண்டால் போதும். மற்ற காலங்கள் வசதி வரும்போது ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ந்துகொள்ளும்.