கண்ணுக்கு 600, கைக்கு 719! சிங்கப்பூர் ஓட்டல் அறையில் ஒளிந்திருக்கும் ‘பிளஸ் பிளஸ்’

சென்னைவாசிகளுக்கு வெளிநாடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூர். நாலு மணி நேர விமானப் பயணம். இறங்கினால் தமிழ்ப் பேச்சு. சிராங்கூன் சாலைக்குப் போனால் மல்லிகைப் பூ, இட்லி, தோசை.

போனஸ் பணத்தை ஒதுக்கி வைத்து, சீட்டை எடுத்து, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் குமாஸ்தாக்களிலும் உண்டு. கடைக்காரர்களிலும் உண்டு.

விமான டிக்கெட்டில் 500 ரூபாய் குறைக்க ராத்திரி பூராவும் செல்போனைத் தேய்க்கிறார்கள். தங்கும் ஓட்டலில் மட்டும் கோட்டை விட்டு விடுகிறார்கள்!

எப்படி?

முதலில் கண்ணில் படுகிற விலையைப் பார்த்து அறை பிடிக்கிறார்கள். கடைசியில் கட்டப் போகும் தொகையைப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி வாடகையே காணாமல் போகிறது!

இதோ கணக்கு:

காணாமல் போகும் 119 வெள்ளி

சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் ‘வெள்ளி’ என்பார்கள். ஒரு ஓட்டலில் அறை வாடகை ராத்திரிக்கு 120 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். 5 ராத்திரிக்கு 600 வெள்ளி. ‘அப்பாடா, மலிவு’ என்று தோன்றும்.

ஆனால் 120-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். இதைத்தான் ‘பிளஸ் பிளஸ்’ என்கிறார்கள்.

முதல் பிளஸ், சேவைக் கட்டணம் 10 சதவீதம். இரண்டாவது பிளஸ், அந்த நாட்டு ஜி.எஸ்.டி. வரி. இது 2023-ல் 7 சதவீதத்தில் இருந்து 8 ஆனது. 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம்.

வரி, வாடகைக்கு மட்டும் அல்ல. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு!

120-ம் 12-ம் 132. அதற்கு 9 சதவீதம் 11 வெள்ளி 88 காசு. ஆக மொத்தம் ராத்திரிக்கு 143 வெள்ளி 88 காசு. 5 ராத்திரிக்கு 719 வெள்ளி 40 காசு.

கூடுதல் 119 வெள்ளி 40 காசு. அதாவது 5 ராத்திரி தங்கியவர் 6-வது ராத்திரிக்கும் வாடகை கொடுத்த மாதிரி!

“என்ன சார், செல்லுல ஒண்ணு, பில்லுல ஒண்ணு போட்டிருக்கே?” என்று கவுண்ட்டரில் நின்று கேட்டுப் பயன் இல்லை. பொடி எழுத்தில் போட்டு விட்டார்கள். சட்டப்படி அவர்கள் பக்கம் தப்பு கிடையாது.

பக்கத்துத் தெருவில் இன்னொரு ஓட்டல். வாடகை 130 வெள்ளி, ‘நெட்’ என்று போட்டிருக்கிறது. ‘நெட்’ என்றால் எல்லாம் அடக்கம். 5 ராத்திரிக்கு 650 வெள்ளியோடு முடிந்தது. பார்வைக்கு விலை கூடின அறைதான் 69 வெள்ளி மிச்சம்!

எனவே விலையை ஒப்பிடும்போது, பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே உள்ள மொத்தத் தொகையை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். நாலு ஓட்டலுக்கு எழுதி விட்டு அப்புறம் மலிவு எது என்று பாருங்கள்.

மற்ற ஊர்களிலும் இதே கதை

மலேசியாவில் 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ‘சுற்றுலா வரி’ உண்டு. அறைக்கு, ராத்திரிக்கு 10 ரிங்கிட். பெரும்பாலும் ஓட்டல் கவுண்ட்டரில்தான் வசூல். இரண்டு அறை, 5 ராத்திரி என்றால் 100 ரிங்கிட் தனியாக வைத்திருக்க வேண்டும்.

துபாயில் 2014 முதல் ‘டூரிசம் திர்ஹாம்’. ஓட்டலின் நட்சத்திர எண்ணிக்கைப்படி அறைக்கு, ராத்திரிக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை.

செல்போனில் காட்டும் மொத்தத் தொகையில் இவை பல சமயம் சேருவது இல்லை. ‘ஓட்டலில் செலுத்த வேண்டியது’ என்று கீழே ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

தேதியில் போகும் ஒரு நாள் வாடகை

சென்னையில் இருந்து சிங்கப்பூர் போகும் விமானங்கள் பல, நடு ராத்திரியை ஒட்டிக் கிளம்புகின்றன. விடியற்காலையில் போய்ச் சேரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

டிக்கெட்டில் 10-ந் தேதி ராத்திரி 11.30 என்று இருக்கும். உடனே 10-ந் தேதி முதல் அறை போட்டு விடுகிறார்கள். ஆனால் இறங்குவது 11-ந் தேதி காலை! 10-ந் தேதி வாடகை தண்டம். அதோடு போனால் பரவாயில்லை. முதல் நாள் ஆள் வரவில்லை என்று சொல்லி சில ஓட்டல்களில் முழுப் பதிவையுமே ரத்து செய்து விடுவார்கள்.

11-ந் தேதி முதல் போட்டால் போதும். அறை மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பெட்டி படுக்கையை ஓட்டல் கவுண்ட்டரில் ஒப்படைத்து விட்டு ஊர் சுற்றலாம். பெரும்பாலான ஓட்டல்களில் இதற்குக் காசு கிடையாது. ‘காலையிலேயே வருகிறோம்’ என்று முன்கூட்டி எழுதிப் போட்டால், அறை காலியாக இருந்தால் சீக்கிரமே கொடுப்பதும் உண்டு.

ரத்து செய்யும் அறையே முதலில்

‘பணம் திரும்பாது’ என்கிற அறை எப்போதும் சற்று மலிவு. அதில் மயங்கி விடக் கூடாது. சிங்கப்பூருக்கு நம்மவர்களுக்கு விசா வேண்டும். விசா வராவிட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மொத்தப் பணமும் போச்சு!

முதலில் இலவசமாக ரத்து செய்யக் கூடிய அறையைப் பிடியுங்கள். விசா கைக்கு வரும் வரை வாரம் ஒரு முறை விலையைப் பாருங்கள். குறைந்தால் புதிய விலையில் அறை போட்டு விட்டு, பழையதை ரத்து செய்யலாம். இந்த வரிசை மாறக் கூடாது.

கடைசி நேரத்தில் ஒரு கண்ணி உண்டு. ரத்து செய்யும் கெடு, பெரும்பாலும் ஓட்டல் இருக்கும் ஊர் நேரப்படிதான். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே ராத்திரி 12 என்றால் இங்கே 9.30. ‘இன்னும் நேரம் இருக்கு, சாப்பிட்டு விட்டுப் பார்க்கலாம்’ என்று இருந்தால் ஒரு ராத்திரி வாடகையாவது பறிபோகும்.

எந்தப் பேட்டையில் தங்குவது?

வசதி என்று பார்த்தால் லிட்டில் இந்தியா, பேரர் பார்க் பக்கம். இரண்டு இடத்திலும் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் உண்டு. தேக்கா சென்டருக்கு நடந்தே போய் டிபன் சாப்பிடலாம். எனவே காலைச் சாப்பாடு சேர்த்த அறைக்கு அதிகம் கொடுக்க வேண்டியது இல்லை.

கேலாங் பக்கம் வாடகை குறைவு. ஆனால் அங்கே சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள் எந்த சந்து என்று தீர விசாரிக்க வேண்டும்.

மலிவு அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. அதை விவரத்தில் எழுதி இருப்பார்கள். ‘தூங்கத்தானே போறோம்’ என்கிறவர்களுக்கு இதில் நல்ல மிச்சம். மூச்சு முட்டும் என்கிறவர்கள் முன்பே பார்த்துக் கொள்ள வேண்டும்.

எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது என்பதை மறைக்கக் கூடாது. இரண்டு பேர் என்று போட்டு நாலு பேராகப் போய் நின்றால், கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இன்னொரு அறை எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள். அன்றைய விலை அவர்கள் வைத்ததுதான்!

சிலர் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் தங்குகிறார்கள். வாடகை மலிவுதான். ஆனால் பாலத்தைக் கடக்க தினமும் இரண்டு நாட்டு குடிநுழைவுச் சோதனை. விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் வரிசை. பல முறை நுழையும் விசாவும் வேண்டும். சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் பாதி நாள் வரிசையில் போய் விடும்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரங்களை ஒட்டி அங்கே ராத்திரி கார் பந்தயம் நடக்கும். 2008-ல் தொடங்கியது. அந்த வாரம் அறை விலை எகிறி விடும். தேதியைப் பார்த்து ஒதுங்கி விடுவது நல்லது.

வீடு வாடகைக்கு? வேண்டாம் வம்பு!

‘ஓட்டல் எதுக்கு, பிளாட்டே தர்றோம், பாதி விலை’ என்று சிலர் விளம்பரம் செய்வது உண்டு. சிங்கப்பூரில் இது சட்ட விரோதம்!

தனியார் வீட்டைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. அரசு வீடமைப்புக் கழக வீடு என்றால் 6 மாதம். 2018 ஏப்ரலில், ஒரே குடியிருப்பில் 4 வீடுகளை இப்படிக் குறுகிய காலத்துக்கு விட்ட 2 பேருக்குக் கோர்ட்டு தலைக்கு 60 ஆயிரம் வெள்ளி அபராதம் போட்டது.

மாட்டிக் கொள்வது வீட்டுக்காரர்தான். ஆனால் ராத்திரியில் பெட்டியோடு தெருவில் நிற்பது நாம்!

ஆசாமிகளின் புதிய கைவரிசை

இனி சொல்லப் போவது மிச்சம் அல்ல, மொத்தமும் பறிபோகும் சமாசாரம்.

2023 முதல் பல நாடுகளில் நடந்து வரும் மோசடி இது. ஆசாமிகள் முதலில் ஓட்டலுக்கே வலை வீசுகிறார்கள். ‘வாடிக்கையாளர் புகார்’ என்று ஒரு மின்னஞ்சல். ஓட்டல் ஊழியர் அதைத் திறந்ததும் ரகசியச் சொல் களவு போய் விடும். அதை வைத்து ஓட்டலின் பதிவுக் கணக்கில் நுழைந்து விடுகிறார்கள்.

அங்கே உங்கள் பெயர், தங்கும் தேதி, கட்டிய தொகை எல்லாம் இருக்கும். பிறகு ஓட்டல் பெயரிலேயே உங்களுக்குத் தகவல் வரும். “உங்கள் கார்டு சரி பார்க்கப்படவில்லை. 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் பணம் கட்டாவிட்டால் பதிவு ரத்து!”

விவரம் எல்லாம் சரியாக இருப்பதால் நம்பி விடுகிறார்கள். கார்டு எண்ணையும், ஓ.டி.பி. எண்ணையும் கொடுத்ததும் பணம் சுருட்டப்பட்டு விடும்.

இப்படித் தகவல் வந்தால் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஓட்டலின் சொந்த எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். இணையத்தில் தேடி முதலில் வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணையும் நம்ப முடியாது. அங்கேயும் ஆசாமிகள் உட்கார்ந்து இருப்பார்கள். பதிவு செய்தபோது வந்த ரசீதில் உள்ள எண்ணே சரி.

ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். பாங்கியிலும் சொல்லி கார்டை நிறுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்கலாம்.

கார்டு தேய்க்கும்போது

நம் ஊர் கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டினால், பல பாங்கிகள் மூன்றரை சதவீதம் வரை கட்டணம் பிடிக்கின்றன. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. 50 ஆயிரம் ரூபாய் பில்லுக்குக் கட்டணம் 1,750, வரி 315. ஆக 2,065 ரூபாய் அவுட்! இந்தக் கட்டணம் குறைவாக உள்ள கார்டும் உண்டு. கிளம்பும் முன் பாங்கியில் கேட்டு வைப்பது நல்லது.

ஓட்டல் கவுண்ட்டரில் கார்டு மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா?’ ரூபாய் என்றதும் மனசு இளகும். அழுத்தாதீர்கள்! அந்த மெஷின் போடும் மாற்று விலையில் அவர்கள் லாபமும் ஏறி இருக்கும். டாலர் என்றே அழுத்துங்கள்.

டிக்கெட்டும் ஓட்டலும் சேர்த்து ‘பேக்கேஜ்’ ஆக ஏஜெண்டிடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. ஏஜெண்டு டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார். இது மோசடி அல்ல, வருமான வரிச் சட்டப்படி பிடிப்பது. விகிதம் அடிக்கடி மாறுகிறது. கட்டுகிற அன்று எவ்வளவு என்று கேளுங்கள். அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வரவாகி இருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக் கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பப் பெறலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டு விடுகிறார்கள்.

ஓட்டல் அறையில் மிச்சம் பிடிப்பது சிங்கப்பூர் போய்ச் செய்கிற வேலை அல்ல. பணம் கட்டும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. ஒரு காகிதம், ஒரு பேனா, கடைசித் தொகை. மிச்சமாகும் 100 வெள்ளியில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வரலாமே!