படம் அழைத்து வந்த ராமபிரான்

சென்னையிலிருந்து திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் பக்தர்களுக்குக் கனகம்மாசத்திரம் பழக்கமான ஊர். அதற்கு அருகில் உள்ள திருவாலங்காட்டில், ரத்தினசபையில் ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிறார் நடராஜப் பெருமான். அந்தத் திருவடியை நாடித்தான் காரைக்கால் அம்மையார் கடற்கரை ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தார். தலத்தைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் வரலாறு.

திருவாலங்காட்டில் கிடைத்த சோழர் கால நடராஜர் திருமேனி ஒன்று இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சிற்பி ரோதான் அதனைக் கண்டு மனம் உருகி 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பின்னர், 1921-இல், அது அச்சேறியது. ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் கிடைத்த தரிசனம் புகைப்படத்தின் வழியாகக் கிடைத்ததுதான்.

கோயிலுக்குள் புகைப்படக் கருவி நுழைவதை நம் பெரியவர்கள் விரும்பியதில்லை. மூலவரைப் படம் எடுத்தால் சாந்நித்தியம் குறையும் என்பார்கள். கர்ப்பகிருகத்தைப் படம் எடுக்கலாகாது என்ற கட்டுப்பாடு இன்றும் நம் கோயில்களில் உண்டு, அது நியாயமானதே. ஆயினும் ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று உற்சவ மூர்த்திகளைப் படம் எடுத்தவர்களின் உழைப்பு, பிற்காலத்தில் அந்த மூர்த்திகளையே மீட்டுத் தந்தது. அம்மையார் பிறந்த அதே கடற்கரைப் பகுதியில், காரைக்காலுக்கு வடக்கே, இது கண்கூடாக நடந்தது.

அதற்கு முன் ஒரு பழைய செய்தி. கோயில்களைப் படம் எடுக்கும் பணி நம் மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். கருவிகளையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். சிறிது காலத்தில் ஆளுநர் டிரெவிலியன் இதனை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். கணக்குப் பார்ப்பவர்களுக்கு எக்காலத்திலும் கோயில் பணி ஆடம்பரமாகத்தான் தோன்றும் போலும்!

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் சம்ஸ்கிருத அறிஞர் ழான் பிலியோசா. சைவ ஆகமங்களின் ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்துப் பதிப்பிப்பது அங்கே முதன்மையான பணி. பண்டிதர் என்.ஆர். பட் பதிப்பித்த ரௌரவம், அஜிதம் முதலிய ஆகமங்கள் அங்கிருந்து வெளிவந்தவையே. அந்நிறுவனம் காத்து வரும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

ஆகமத்தில் மூர்த்தியின் கைகள், ஆயுதங்கள், நிற்கும் பாங்கு எல்லாவற்றுக்கும் இலக்கணம் உண்டு. ஏட்டில் சொன்ன இலக்கணம் கோயிலில் எவ்வாறு வடிவம் பெற்றிருக்கிறது என்று ஒப்பிட வேண்டுமானால், கோயில்களுக்குப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அதற்காகவே 1956 முதல் அந்நிறுவனத்தார் ஊர் ஊராகப் படம் எடுக்கத் தொடங்கினர். புதுச்சேரியிலிருந்து தெற்கே கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று கடலோரமாகச் செல்லும் வழியில் பெயர் பெற்ற தலங்களும் உண்டு. ஒருகால பூஜைக்கே திண்டாடும் சிற்றூர்க் கோயில்களும் உண்டு. இரண்டையும் அவர்கள் விடவில்லை. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சேர்ந்த படங்கள் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இந்தப் பணியின் அருமை பக்தர்களுக்கு எளிதில் புரியும். நாம் உற்சவரைச் சேவிக்கும்போது என்ன காண்கிறோம்? பட்டும் பீதாம்பரமும், திருவாபரணமும், மார்பை மறைக்கும் மாலைகளும், அவற்றின் நடுவே திருமுகமும்தான். பஞ்சலோகத் திருமேனியை முழுவதுமாக அறிந்தவர் திருமஞ்சனம் செய்விக்கும் அர்ச்சகர் ஒருவரே. அதனால்தான் கள்வர்கள் போலித் திருமேனியை வைத்துவிட்டு அசலைக் கொண்டு போனால், ஊராருக்குப் பல ஆண்டுகள் தெரியாமலே போய்விடுகிறது. அலங்காரம் களைந்த நிலையில் எடுத்த பழைய படம் ஒன்று இருந்தால் அந்த வஞ்சனை நிற்காது. மெழுகில் வடித்து, மண் பூசி, உருக்கிய உலோகத்தை ஊற்றிய பின் அந்த அச்சு உடைக்கப்படுகிறது. ஆகவே ஒரு திருமேனியைப் போல் இன்னொன்று அச்சு அசலாக அமைவதில்லை. பல தலைமுறை அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு நுனி, பீடத்தில் சிதைந்த ஒரு தாமரை இதழ், வார்ப்பில் விழுந்த சிறு குழி ஆகியவையே அந்த மூர்த்திக்கு அடையாளம்.

திருக்கடையூருக்குச் சஷ்டியப்தபூர்த்தியோ சதாபிஷேகமோ செய்துகொள்ளப் போகும் தம்பதியர் பலர், அருகிலுள்ள அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலுக்கும் சென்று வருவதுண்டு. மூன்று கண்களும் பத்துக் கரங்களும் கொண்ட ஆஞ்சநேயர் அங்கே சேவை சாதிக்கிறார். கடலில் மறைந்திருந்த அரக்கர்களை ராமபிரானின் ஆணைப்படி அழித்துத் திரும்பியவர், ஆனந்தத்தோடு தங்கிய இடம் என்பது தலபுராணம்.

1958 ஜூன் மாதம் பிரெஞ்சு நிறுவனத்தார் அக்கோயிலுக்கு வந்தனர். விஜயநகர காலத்துப் பஞ்சலோகத் திருமேனிகளான ராமர், சீதை, லட்சுமணர் ஆகியோரைப் படம் எடுத்தனர். அவர்களுக்கு அது அன்றாட வேலை. எடுத்த படம் மற்றப் படங்களோடு புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1978 நவம்பரில் ஓர் இரவு அத்திருமேனிகள் களவு போயின. வனவாசம் பதினான்கு ஆண்டுகள்தான். இந்த வாசம் அதைப்போல் மூன்று மடங்கு நீண்டது.

சிலைக் கடத்தலைத் துப்பறிந்து வரும் எஸ். விஜயகுமாரும் அவருடைய ‘இந்தியா பிரைடு ப்ராஜெக்ட்’ நண்பர்களும், அத்திருமேனிகள் லண்டனில் ஒருவரிடம் இருப்பதை 2019-இல் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தனர். இவை அனந்தமங்கலத்து மூர்த்திகள்தாம் என்பதற்கு என்ன சான்று? 1958-ஆம் ஆண்டுப் படம் எடுத்து வைத்துப் பார்க்கப்பட்டது. அங்கம் அங்கமாக ஒத்துப்போயிற்று. தமிழகத்துச் சிலைத் தடுப்புப் பிரிவினர் பழைய திருட்டு வழக்கை உறுதிசெய்தனர். லண்டன் போலீசார் விசாரித்தனர். திருட்டுப் பொருள் என்று அறியாமல் வாங்கியிருந்தவர் மறுப்பின்றிக் கொடுத்துவிட்டார். 2020 செப்டம்பர் 15 அன்று லண்டன் தூதரகத்தில் மூவரும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். நவம்பரில் தமிழகத்தின் பொறுப்புக்கு வந்தனர். எங்கும் தீநுண்மி அச்சம் பரவி, கோயில் வாசலுக்குப் போகவே மக்கள் தயங்கிய ஆண்டு அது.

இது ஒன்று மட்டுமன்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவு போன நடராஜர், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் பெரும் விலைக்கு வாங்கி வைக்கப்பட்டிருந்தார். 1994-இல் பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்த படம் உண்மையைச் சொல்லிற்று. 2014 செப்டம்பரில் தில்லி வந்த ஆஸ்திரேலியப் பிரதமரே நடராஜரை நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். விருத்தாசலத்துக் கருங்கல் அர்த்தநாரீசுவரரும் உடன் வந்து சேர்ந்தார். அதே அரியலூர் மாவட்டத்தில் பொட்டவெளி வெள்ளூர் வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து 2012-இல் போன அனுமன், 1961-ஆம் ஆண்டுப் படத்தின் துணையால் 2023-இல் திரும்பினார்.

அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கும்பாபிஷேகப் படம், தெப்போற்சவப் படம், திருக்கல்யாணப் படம் எதுவாயினும் நம் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ கிடக்கலாம். செல்லரித்திருந்தாலும் அவற்றைக் கழித்துக் கட்டாமல், பின்புறம் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மூர்த்தியின் திருநாமத்தையும் எழுதி வைக்குமாறு பெரியவர்கள் வீட்டாரிடம் சொல்லலாம். அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்று பெரும்பாலும் அவர்கள் மட்டுமே.

புதுச்சேரியில் உள்ள படங்களைக் கொண்டு சிலைத் தடுப்புப் பிரிவினர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோயிலில் இல்லாமல், படத்தில் மட்டும் எழுந்தருளியிருக்கும் மூர்த்திகள் இன்னும் பலர்.